மத நிந்தனைச் சட்டம்: நாம் கேட்பது எதை?

ஐரோப்பாவில் அல்குர்ஆன் எரிக்கப்பட்டதாகச் செய்தி வரும் வாரங்களில், நாவலப்பிட்டியில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பலரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "இதைத் தடுக்க ஒரு சட்டம் இல்லையா?"

டென்மார்க்கில் சட்டம் இருந்தது. 2005 செப்டம்பர் 30 அன்று நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரங்கள் அங்கு வெளியானபோதும் அந்தப் பத்திரிகைக்கு எதிராக வழக்குத் தொடரப்படவில்லை. 2017இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. குர்ஆன் எரிப்புகள் தொடரவே, மத நூல்களைப் பகிரங்கமாக அவமதிப்பதைத் தடுக்கும் சட்டம் 2023 டிசம்பரில் நிறைவேறியது.

நமது நாட்டிலும் சட்டம் உண்டு. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் மத வெறுப்புப் பிரசாரத்தைத் தடை செய்கிறது. தண்டனை 10 ஆண்டுகள் வரை. பிணை வழங்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கே உரியது.

அது யார் மீது பாய்ந்தது? 2019 மே மாதம் ஹஸலக்கையில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவரது ஆடையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்றார்கள். 2020 ஏப்ரலில் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ரம்ஸி ராஸிக், இனவாதத்துக்கு எதிராகப் பேனாவால் போராட வேண்டும் என்று பேஸ்புக்கில் எழுதியதற்காகக் கைதாகி, ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் கழித்தார். அக்கைது அவரது அடிப்படை உரிமைகளை மீறியது என 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவும் ஒரு சிறுகதைக்காக 2019இல் சிறை சென்றவரே.

மறுபக்கம், 2016இல் இஸ்லாத்தை அவமதித்துப் பேசிய ஞானசார தேரருக்கு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது 2025 ஜனவரியில்தான். 2018 மார்ச்சில் திகனயில் நம்மவர்களின் வீடுகளும் கடைகளும் எரிவதற்கு முன்பே பேஸ்புக்கில் வெறுப்புப் பதிவுகள் பரவின. அப்போது சட்டம் விழித்துக்கொள்ளவில்லை.

ஆகவே, மனதைப் புண்படுத்தும் பேச்சு வேறு, தாக்குதலுக்கு அழைக்கும் பேச்சு வேறு என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். முதலாவதற்கு அறிவாலும் அழகிய நடத்தையாலும் பதில் சொல்வோம். இரண்டாவதற்குச் சட்டத்தைக் கேட்போம், எல்லோருக்கும் சமமாக. புண்பட்டவர் கேட்டாலே கைது என்று நாம் விதி கேட்டால், இந்நாட்டில் அந்த விதி முதலில் தட்டுவது நம் வீட்டுக் கதவைத்தான்.