பேனாக்கத்தியின் வயதும் தில்லியின் சட்டமும்

தலைநகரில் குடியேறிய தமிழர் இல்லங்களில், ஊரிலிருந்து வந்த தகரப் பெட்டியின் அடியில் பழைய மடக்குக் கத்தி ஒன்று கிடப்பதுண்டு. எம் இல்லத்திலும் ஒன்று உளது. தஞ்சாவூர்க் கச்சேரியில் எழுத்தராயிருந்த கொள்ளுப்பாட்டனாருடையது. விக்டோரியா மகாராணியார் காலத்தது என்பது குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி.

'பேனாக்கத்தி' என்னும் பெயரே ஒரு வரலாறாகும். இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கென்று அமைந்த சிறு கத்தி அது. உலோக முள் வந்த பின்னர், பென்சில் சீவும் பணியை ஏற்று மேசையிலேயே நிலைத்துவிட்டது.

இத்தகைய கத்தியின் வயதை அதன் அலகிலேயே படிக்கலாம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகள் சிலவற்றில் கிரீடத்தின் இருமருங்கும் 'வி', 'ஆர்' என்னும் எழுத்துகள் காணப்படும். அவை 1837 முதல் 1901 வரை ஆண்ட விக்டோரியாவைக் குறிப்பன. இறக்குமதிப் பண்டங்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருத்தல் வேண்டுமென 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் விதித்தது. ஆதலின் 'இங்கிலாந்து' என்ற பொறிப்பு பெரும்பாலும் அதற்குப் பிற்பட்ட காலத்தையே காட்டும். துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913-இல். எம் கத்தியின் அலகிலோ 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் தெளிவாக உளது. கொள்ளுப்பாட்டனாரின் கத்தி என்பதில் ஐயமில்லை. மகாராணியார் காலத்தது என்பதே பொய்த்தது.

வயது தெளிந்தது. இனி, அதைத் தில்லி வீதியில் எடுத்துச் செல்லலாமா என்பது அடுத்த வினா. வடநாட்டில் மடக்குக் கத்தி என்றதும் நினைவுக்கு வருவது உத்தரப்பிரதேசத்து இராம்பூர்க் கத்தி. அந்நகரத்தார் 2023-இல் ஒரு நாற்சந்தியில் ஏறத்தாழ 20 அடி நீளக் கத்தி உருவையே நிறுவினர். இந்தித் திரைப்படங்களில் அக்கத்தி போக்கிரியின் கைக்கருவி. தில்லி நிருவாகமும் இவ்வகைக் கத்தியை அச்சத்தோடு நோக்கிற்று. வீட்டுக்கும் உழவுக்கும் மட்டுமே என அமைந்த பொருள்களை 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் விலக்கியுள்ளது. எனினும் 1980 அக்டோபரில் வெளியான அறிவிக்கை, விசையாலோ பித்தானாலோ பற்சக்கரத்தாலோ திறக்கும் கத்திகளைக் கட்டுப்படுத்தியது. அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினாலோ மிஞ்சினாலோ, அத்தகைய கத்தி அக்கட்டுப்பாட்டுக்குள் வரும்.

அளவுகோலை வைத்துப் பார்த்தோம். எம் கத்தியின் அலகு 6 சென்டிமீட்டரே. நகத்தை மாட்டி இழுத்தால்தான் திறக்கும். மனம் அமைதியுற்றது. முன்னோர் பொருளைப் போற்றுவோர் அதன் கதையை மட்டும் நம்பியிராது, அலகின் எழுத்தையும் அளவையும் ஒருமுறை நோக்குதல் நலம். முன்னது உண்மையைக் காக்கும். பின்னது நம்மைக் காக்கும்.