முத்திரை வணிகமும் ஆச்சியின் பெட்டகமும்

சென்ற ஆண்டு இளம் ஆய்வு மாணவி ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குத் தொழில் நாடிச் சென்றவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை அவர் தேடிக்கொண்டிருக்கிறார். பருத்தித்துறையைச் சேர்ந்தவன் என்பதால் என்னிடம் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார். அவருக்கு மறுமொழி எழுத எனக்கு ஒரு வாரம் சென்றது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், முத்திரை வணிகத்தின் கதையைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

உலகின் முதல் தபால் முத்திரையான 'கறுப்புப் பென்னி' 1840 மே மாதத்தில் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது. அதே ஆண்டில் பிளிமத் துறைமுக நகரில் மருந்துக்கடைக்காரர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் எட்வேட் ஸ்ரான்லி கிப்பன்ஸ். 1856இல், பதினாறாவது வயதில், தந்தையின் மருந்துக்கடையிலேயே ஒரு மூலையில் முத்திரை விற்கத் தொடங்கினார். 1863இல் கடலோடிகள் இருவர் அவரிடம் ஒரு பை நிறைய நன்னம்பிக்கை முனையின் முக்கோண முத்திரைகளைக் கொண்டுவந்தனர். ஐந்து பவுண் கொடுத்து வாங்கிய அந்தப் பை அவருக்குப் பன்மடங்கு இலாபத்தைத் தந்ததாகச் சொல்வார்கள். 1865இல் முதலாவது விலைப்பட்டியலை வெளியிட்டார். 1874இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1890இல் சார்ள்ஸ் பிலிப்ஸ் என்பவருக்கு 25,000 பவுணுக்குத் தம் வணிகத்தை விற்றுவிட்டு உலகஞ் சுற்றப் புறப்பட்டார். 1913இல் காலமானார்.

கிப்பன்ஸ் தனியொருவர் அல்லர். பிரசெல்சில் மோன்ஸ், நியூயோர்க்கில் ஸ்கொட் என்று ஒவ்வொரு பெருநகரிலும் வணிகர்கள் தோன்றினர். சிறுவர்களின் விளையாட்டாகத் தொடங்கியது அரண்மனை வரை சென்றது. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர், 1904இல் மொறிசியசின் இரண்டு பென்ஸ் முத்திரையொன்றை 1,450 பவுண் கொடுத்து ஏலத்தில் வாங்கினார். பத்தாண்டுகளின் பின், 1914இல், அதே மன்னரின் அரச ஆணைப்பத்திரம் கிப்பன்ஸ் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

பணம் புகுந்த இடத்தில் சூதும் புகுந்தது. ஜெனீவாவில் பிரான்சுவா ஃபூர்னியே என்பவர் போலி முத்திரைகளை அச்சிட்டு, 'அச்சொத்த படிகள்' என்ற பெயரில் வெளிப்படையாகவே விலைப்பட்டியல் போட்டு விற்றார். நியூயோர்க்கைச் சேர்ந்த நிக்கலஸ் சீபெக்கின் வழி வேறு. நிக்கராகுவா, ஹொண்டுராஸ், எல் சல்வடோர், எக்குவடோர் ஆகிய நாடுகளுக்கு அவர் ஆண்டுதோறும் புதிய முத்திரைகளை இலவசமாக அச்சிட்டுக் கொடுத்தார். ஆண்டு முடிவில் எஞ்சியவை அவருக்கே சொந்தம் என்பது ஒப்பந்தம். அவற்றைச் சேகரிப்போரிடம் விற்றுப் பணம் பார்த்தார். வாங்கும் ஆசை இருந்தால் நாட்டின் பெயரையும் விற்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் அவர்.

இனி இலங்கைக்கு வருவோம். இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளியானது. விக்டோரியா மகாராணியின் தலையைத் தாங்கிய அந்த ஆறு பென்ஸ் முத்திரை இங்கிலாந்துக்குச் செல்லும் கடிதங்களுக்கானது. 1859இல் வந்த, துளையிடப்படாத, மங்கிய ரோசா நிற நாலு பென்ஸ் முத்திரைதான் இலங்கை முத்திரைகளுள் மிக அரியது என்று சேகரிப்போர் போற்றுகின்றனர். 1872இல் ரூபாயும் சதமும் வந்தன. 1885ஆம் ஆண்டளவில் கையிருப்பிலிருந்த பழைய முத்திரைகளின்மேல் புதிய பெறுமதியை அச்சிட்டு விற்றார்கள். அவசரத்தில் சில தலைகீழாக அச்சாயின. தபாற்கந்தோரின் தவறு வணிகரின் பொன் ஆயிற்று.

இந்த வணிகத்துக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது? அரிய முத்திரைகளின் கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். சாதாரண முத்திரைகளின் கதையை எழுதுவோர் குறைவு. கடையை நடத்தியவை அவைதாம். குடியேற்ற நாடுகளிலிருந்து பயன்படுத்திய முத்திரைகள் மூட்டை மூட்டையாக நிறுத்து வாங்கப்பட்டன. மிஷனரிமார் தம் பணிக்கு நிதி சேர்க்கக் கடித உறைகளிலிருந்து வெட்டி அனுப்பியவற்றுக்கு 'மிஷன் கலவை' என்றே வணிகத்தில் பெயர் உண்டு. அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றி, காயவைத்து, இனம் பிரித்து, சிறு பொதிகளாக்கி விற்றனர். விற்கும் முறைகளுள் ஒன்று தெரிவுக்கு அனுப்புதல். முத்திரைகளைத் தாளில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் விலை குறித்து, தபாலில் சிறுவனுக்கு அனுப்புவார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியையும் பணத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும். முன்பின் காணாத ஒருவரை நம்பி நடந்த வணிகம் அது.

இந்த வலையின் ஒரு நுனி பருத்தித்துறையையும் தொட்டது. வடமராட்சியில் மிஷன் பாடசாலைகளின் ஆங்கிலக் கல்வி பழையது. பின்னாளில் ஹாட்லிக் கல்லூரி என்று பெயர் பெற்ற பாடசாலை 1838இல் தொடங்கப்பட்டது. அத்தகைய பாடசாலைகளில் படித்து வெளிவந்தவர்களுக்கு ஊரில் போதிய வேலை இல்லை. மலாயாவில் புகையிரதப் பகுதிக்கும், நில அளவைப் பகுதிக்கும், தபாற் பகுதிக்கும் ஆங்கிலம் அறிந்த எழுதுவினைஞர்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் 'மலாயாப் பென்சனியர்' என்றொரு வகுப்பே உருவாயிற்று. அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகளால் கல்வீடுகள் எழுந்தன, காணிகள் ஈடு மீண்டன, பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் சேர்ந்தது.

பணத்தோடு கடிதமும் வந்தது. பேராக், செலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896இல் மலாய்க் கூட்டு நாடுகளாயின. அவற்றின் முத்திரையில் புலி இருந்தது. மன்னர் தலையையே கண்டு பழகிய எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு அந்தப் புலி எத்துணைக் கவர்ச்சியானது என்று சொல்லத் தேவையில்லை.

என் பேரனார் அந்தப் பென்சனியர்களுள் ஒருவர். புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். ஆச்சி ஊரிலேயே இருந்து பிள்ளைகளை வளர்த்தவர். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் கடிதங்களில்தான் நடந்தது. அந்தக் கடிதங்களை ஆச்சி ஆண்டுவாரியாகச் சீலைத் துண்டுகளில் முடிந்து, பெட்டகத்தின் அடியில் வைத்திருந்தார். பேரனார் காலமான பின்னரும் அவை அங்கேயே இருந்தன.

1950களின் முற்பகுதியில் எனக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் முத்திரை சேர்க்கும் பைத்தியம் பரவியிருந்தது. ஆங்கிலச் சிறுவர் இதழ் விளம்பரமொன்றைப் பார்த்து இலண்டன் கடையொன்றுக்கு நானும் எழுதினேன். தெரிவுத் தாள்கள் வந்தன. பணத்துக்கு வழியில்லை. அப்போதுதான் பெட்டகம் நினைவுக்கு வந்தது.

ஆச்சி தடுக்கவில்லை. "காயிதத்தைக் கிழிச்சுப்போடாதை மோனை" என்று மட்டும் சொன்னார். நான் கடிதத்தைக் கிழிக்கவில்லை. உறைகளின் மூலையை வெட்டினேன். பல கடிதங்களுக்கு உறையே இல்லை. தாளை மடித்து, வெளிப்புறத்தில் விலாசம் எழுதி, முத்திரை ஒட்டியிருந்தார் பேரனார். அவற்றைத் தாளோடு ஒரு சட்டித் தண்ணீரில் ஊறவைத்தேன். முத்திரைகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. மையும் கரைந்து வந்தது. தண்ணீர் நீலமாயிற்று. முத்திரைகளைப் பழைய புதினப் பத்திரிகைக்கு நடுவே வைத்துக் காயவைத்தேன். ஊறிய தாள்களைக் கிணற்றடி வாழைக்குக் கீழே கொட்டினேன்.

நல்லவற்றைக் கொழும்பு வணிகர் ஒருவருக்கு விற்றேன். பதினைந்து ரூபாய் கிடைத்தது. அந்த வயதில் அது பெருந்தொகை. ஆச்சிக்கு ஒரு வெற்றிலைத் தட்டம் வாங்கிக் கொடுத்தது நினைவிருக்கிறது. அவர் அதைக் கடைசி வரை பாவித்தார். கடிதங்களைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது; கடிதம் வந்ததும் பக்கத்து வீட்டு உபாத்தியாயர் வாசித்துக் காட்டுவார் என்பதை நான் பிற்காலத்தில்தான் அறிந்தேன். வாசிக்க முடியாத கடிதங்களை ஒருவர் ஏன் அத்தனை ஆண்டுகள் முடிந்து வைத்திருந்தார் என்று யோசிக்கப் பன்னிரண்டு வயதில் எனக்கு அறிவு போதவில்லை.

பெட்டகத்தில் எஞ்சியிருந்த கடிதங்கள் 1987 வடமராட்சி நடவடிக்கையின்போது வீட்டோடு போயின. கொழும்பில் என்னிடமிருந்த முத்திரைக் கொத்தேடு மட்டும் தப்பியது.

முத்திரை உலகமும் என்னைப் போலவே காலந்தாழ்த்தித்தான் உண்மையை உணர்ந்தது. தொடக்ககாலச் சேகரிப்போர் பலருக்கு உறை வெறும் குப்பை. முத்திரை, தபாற்குறி, விலாசம், சென்ற வழி ஆகிய அனைத்தும் சேர்ந்த முழு உறையே வரலாறு என்பது மெல்ல மெல்லத்தான் தெளிவாயிற்று. மொறிசியசிலிருந்து போர்தோ நகருக்குச் சென்ற கடித உறையொன்று, இரண்டு அரிய முத்திரைகளும் ஒட்டியபடியே, 1993இல் சூரிச் ஏலத்தில் ஏறத்தாழ 40 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. இன்று தபால் வரலாறு என்பது தனித் துறை. கழற்றிய முத்திரைகளின் பொதிகளோ சீண்டுவாரின்றிக் கிடக்கின்றன.

விலையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்த மாணவி கேட்ட இரண்டாவது கேள்வி எளியது: உங்கள் பேரனார் மலாயாவில் எந்த ஊரில் இருந்தார்? அதற்கும் எனக்கு விடை தெரியவில்லை. ஈப்போ என்றார் என் தந்தையார். கோலாலம்பூர் என்பார் அத்தை. அறிந்தோர் எவரும் இன்றில்லை.

கொத்தேட்டை எடுத்து, பூதக்கண்ணாடி கொண்டு புலி முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தபாற்குறியின் கால்வட்டமோ அரைவட்டமோதான் முத்திரையில் விழுந்திருக்கும். மீதி உறையில் இருக்கும். ஒன்றில் 'பிங்' என்னும் ஓசை தரும் கடைசி எழுத்துகள் மட்டும் தெரிந்தன. தைப்பிங் ஆகலாம். மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை 1885இல் அங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. புகையிரத எழுதுவினைஞர் ஒருவர் அங்கே இருந்திருக்கக்கூடும். இன்னொன்றில் '19' என்ற ஆண்டின் பாதி மட்டும் இருக்கிறது.

இவற்றைத்தான் அந்த மாணவிக்கு எழுதினேன். முத்திரைகளைப் படம் பிடித்தும் அனுப்பினேன். அவர் நன்றியோடு மறுமொழி எழுதினார்.

உலகெங்கும் பரந்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளிலும் பழைய கடிதக் கட்டுகள் இருக்கலாம். பேரப்பிள்ளைகள் முத்திரை கேட்டால் கடையில் வாங்கிக் கொடுங்கள். உறையை வெட்ட விடாதீர்கள். முடிந்தால் முழுக் கடிதத்தையும் இரு பக்கமும் படம் பிடித்து, யார் யாருக்கு எழுதியது என்று இன்றே குறித்து வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.