மோட்பஸ் கருவி முகவரி

மோட்பஸ் கருவி முகவரி என்பது, மோட்பஸ் நெறிமுறையில் ஒரே தொடர்புக் கம்பியில் இணைக்கப்பட்ட பல கருவிகளுள் ஒன்றைச் சுட்டும் எண் ஆகும். சூரிய மின்னேற்றக் கட்டுப்படுத்தி, இன்வெர்ட்டர், மின்னளவி முதலியவற்றைக் கண்காணிக்கும் அமைப்புகளில் இது பரவலாகப் பயன்படுகிறது. ஒரே முகவரி இரு கருவிகளுக்கு அமையாமல் நெறிமுறை தானாகத் தடுப்பதில்லை. அது அமைப்பை நிறுவுபவரின் பொறுப்பாகும்.

வரலாறு

மோட்பஸ் நெறிமுறையை மோடிகான் நிறுவனம் 1979 ஆம் ஆண்டு தனது கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக வெளியிட்டது. தொடக்கத்தில் கேட்கும் கருவி 'தலைவன்' என்றும் மறுமொழி தரும் கருவி 'அடிமை' என்றும் அழைக்கப்பட்டன. 2020 இல் மோட்பஸ் அமைப்பு இச்சொற்களைக் கைவிட்டு, 'வாங்கி', 'வழங்கி' என்னும் பொருள்தரும் சொற்களை ஏற்றது.

முகவரி எல்லை

முகவரியின் நீளம் ஒரு பைட்டு. தொடர்வழித் தொடர்பில் அதன் 256 எண்கள் பின்வருமாறு பகுக்கப்பட்டுள்ளன:

* 0 – அனைத்துக் கருவிகளுக்குமான பொதுக் கட்டளை. இதற்கு எக்கருவியும் மறுமொழி அனுப்பாது.
* 1 முதல் 247 வரை – தனிக் கருவிகள்.
* 248 முதல் 255 வரை – ஒதுக்கப்பட்டவை.

ஒவ்வொரு செய்தியும் முகவரியுடன் தொடங்கும். அதனைத் தொடர்ந்து செயற்குறி, தரவு, பிழை அறியும் இரு பைட்டுகள் ஆகியன வரும். செய்தி எல்லாக் கருவிகளையும் அடையும். உரிய முகவரி கொண்ட கருவி மட்டுமே மறுமொழி தரும்.

கருவி முகவரி வேறு, பதிவக முகவரி வேறு. முன்னது எந்தக் கருவி என்பதையும், பின்னது அக்கருவியின் எந்த அளவு (எ.கா: மின்கல அழுத்தம்) என்பதையும் குறிக்கும். கையேடுகளில் 30001 எனக் குறிக்கப்படும் பதிவகம் செய்தியில் 0 என அனுப்பப்படுவதால், ஓர் எண் தள்ளிப் படிக்கும் பிழை அடிக்கடி நேர்வதுண்டு.

முகவரி மோதல்

பல கருவிகள் 1 என்னும் முகவரியுடனேயே விற்பனைக்கு வருகின்றன. எடுத்துக்காட்டாக, திண்டுக்கல் சமவெளியிலுள்ள ஒரு கிணற்றுப் பாசனத் தோட்டத்தில், மோட்டார் அறையில் ஈய-அமில மின்கலத்துடன் ஒரு கட்டுப்படுத்தியும், வீட்டில் லித்தியம் மின்கலத்துடன் மற்றொன்றும் ஒரே கம்பியில் இணைக்கப்படுவதாகக் கொள்வோம். இரண்டின் முகவரியும் 1 எனில், இரண்டும் ஒரே நேரத்தில் மறுமொழி அனுப்பும், தரவு சிதையும்.

எழுதும் கட்டளையில் தீங்கு இன்னும் பெரிது. கட்டளை சிதையாமல் சென்றடைவதால் இரு கருவிகளும் அதனை ஏற்கும். ஈய-அமில மின்கலத்துக்குரிய உயர் அழுத்தச் சமப்படுத்தும் மின்னேற்றம் லித்தியம் மின்கலத்துக்கும் அமைந்துவிட்டால், அது பழுதடையக்கூடும். பிழை அறியும் பைட்டுகள் வழியில் நேரும் சிதைவையே காட்டும். கட்டளை தவறான கருவிக்குச் சென்றதைக் காட்டா. எனவே கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்து, முகவரியை மாற்றி, அதனைக் கருவியின் மேல் எழுதி வைப்பது நல்லது.

பெரிய நிலையங்கள்

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் 576 இன்வெர்ட்டர்கள் நிறுவப்பட்டன. இவ்வளவு கருவிகளுக்கு 247 முகவரிகள் போதா. மேலும், அடிப்படை ஆர்.எஸ்-485 தரத்தின்படி ஒரு கம்பியில் ஓரலகுச் சுமையுடைய 32 கருவிகளையே இணைக்கலாம். இத்தகைய நிலைகளில் கருவிகளைப் பல கம்பிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு நுழைவாயில் கருவி வழியே மோட்பஸ் டி.சி.பி வலையமைப்பில் இணைக்கலாம். அங்கு ஐ.பி முகவரி நுழைவாயிலையும், அலகு எண் அதன் பின்னுள்ள கருவியையும் சுட்டும். இதனால் வெவ்வேறு கம்பிகளில் ஒரே முகவரி மீண்டும் வரலாம். ஒரே கம்பியில் வரக்கூடாது.