தோல் நகரங்களில் இரட்டைத் தடம்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் வணிகம் தந்தியையும் டெலக்ஸையும் நம்பியிருந்த காலத்தில், விலையும் சரக்கின் அளவும் தெரிவிக்க ஒற்றைக் கம்பித் தடமே போதுமானதாக இருந்தது. தோல் ஏற்றுமதி குறித்துச் சீதாராமையா குழு 1972-இல் அளித்த பரிந்துரைகளையடுத்து, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுதும் பதனிட்ட தோலும் காலணியும் முன்னுக்கு வந்தபின், நிறம், வடிவ வரைபடம் எனப் பரிமாற வேண்டியவை பெருகின. இம்மாற்றமே, விலைப்பட்டியலைக் காட்டிலும், தகவல் தொடர்பின் தேவையை வளர்த்தது எனலாம்.

அத்தேவைக்கு வழிதிறந்த, பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் தொடங்கியது. வைஃபைக்குப் பயன்படும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-இல் உரிமக் கட்டாயத்திலிருந்து விலக்கப்பட்டதும், ஒரே கணினியில் கம்பியும் கம்பியில்லா இணைப்பும் சேர்ந்து இயங்குவது எளிதாயிற்று.

தோல் வெட்டும் இயந்திரத்தைக் கேபிள் வழியாகவும், வெளிநாட்டு வரைபடத்தை வைஃபை வழியாகவும் அணுகும் கணினியில், வெளியுலகுக்கு வழிகாட்டும் ‘கேட்வே’ முகவரி வைஃபைக்கு மட்டுமே இருக்க வேண்டும். இரண்டிலும் இருந்தால், ‘மெட்ரிக்’ எனும் முன்னுரிமை எண் குறைந்த தடத்தையே கணினி தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் அது கேபிளாகவே அமைவதால், இயந்திரத்தோடு முடிந்துவிடும் அக்கம்பியில் மின்னஞ்சல் வெளியேற வழியின்றி நின்றுவிடும்.