வலியின் பூட்டும் அபினியின் சாவியும்

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது உலர்ந்தால் அபினி. வலியைத் தணிக்க மனிதன் இதைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்துள்ளான். ஆனால் அபினிக்கு அபினி வீரியம் மாறும். ஒருவரைத் தூங்க வைத்த அதே அளவு, மற்றொருவரின் உயிரைக் குடித்துவிடும்.

ஜெர்மனியில் மருந்துக் கடையில் பணிபுரிந்த செர்ட்டூர்னர் என்ற இளைஞர், 1805-ஆம் ஆண்டையொட்டி அபினியின் வீரியப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். அதுவே மார்ஃபின். இனி மருந்தை நிறுத்து, அளந்து கொடுக்கலாம் என்றாயிற்று.

மூன்று வகைகள்

பிறப்பைக் கொண்டு இம்மருந்துகளை மூன்றாகப் பிரிப்பர். மார்ஃபினும், 1832-இல் கண்டறியப்பட்ட கோடீனும் இயற்கையானவை. மார்ஃபினைச் சற்றே மாற்றிச் செய்த ஹெராயின் பகுதிச் செயற்கை. 1898-இல் இதை இருமல் மருந்தாக விற்றார்கள் என்றால் நம்புவீர்களா? பெதிடின், ஃபென்டனில் ஆகியவை முழுச் செயற்கை. ஃபென்டனில் மார்ஃபினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வீரியமுள்ளது.

இவ்வளவு சிறிய அளவு எப்படி வேலை செய்கிறது? இன்னொரு விந்தையும் உண்டு. லெவார்ஃபனால், டெக்ஸ்ட்ரார்ஃபன் இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போன்ற மூலக்கூறுகள். முன்னது வலியைப் போக்கும், பின்னது போக்காது. இடக்கைச் செருப்பு வலக்காலுக்குப் பொருந்துமா? ஆகவே, குறிப்பிட்ட வடிவம் மட்டுமே பொருந்தும் ஓரிடம் உடலில் இருக்க வேண்டும். அந்தப் பூட்டுக்கு 'ஏற்பி' என்று பெயர்.

பூட்டு கிடைத்தது

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியான கேண்டஸ் பெர்ட், பேராசிரியர் ஸ்னைடருடன் சேர்ந்து அதைத் தேடினார். மார்ஃபினை முறிக்கும் நாலாக்சோன் என்ற மருந்தில், கதிரியக்கமுள்ள டிரிட்டியம் அணுக்களைப் பொருத்தினர். அதை அரைத்த எலி மூளைத் திசுவுடன் கலந்து, வடிகட்டி, விரைந்து கழுவினர். ஒட்டாதது ஓடிவிட்டது, ஒட்டியது பீட்டாக் கதிர் வீசித் தன்னைக் காட்டிக் கொடுத்தது! 1973-இல் இம்முடிவு வெளியாயிற்று. அதே ஆண்டில் நியூயார்க்கில் சைமனும் சுவீடனில் டெரீனியசும் தனித்தனியே இதைக் கண்டனர்.

ஒரு செடியின் சாவிக்கு நம் மூளையில் பூட்டு ஏன்? உடலே சாவி செய்கிறது என்பதுதான் விடை. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூசும் காஸ்டர்லிட்சும் பன்றி மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். என்கெஃபலின் எனப்படும் இது, ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி.

பூட்டுகளும் மியூ, கப்பா, டெல்டா எனப் பலவாக இருந்தன. வலி நீக்கம், பழக்கத்துக்கு அடிமையாதல் ஆகிய இரண்டிலும் முதலிடம் மியூவுக்கே. 2012-இல் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் அதன் வடிவத்தையே காட்டியது.

சாவி திரும்பினால்...

மார்ஃபின் ஏற்பியில் அமர்ந்ததும், நரம்பணுவுக்குள் கால்சியம் அயனிகள் நுழையும் வாயில்கள் அடைபடுகின்றன. பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் வாயில்கள் திறக்கின்றன. நேர்மின் அயனிகள் வெளியேறுவதால், உள்ளே எதிர்மின் அழுத்தம் மிகுந்து நரம்பணு அடங்குகிறது. வலிச் செய்தி மேலே செல்வது குறைகிறது.

ஆனால் மூச்சை நடத்தும் மூளைத் தண்டிலும் இதே மியூ ஏற்பிகள் உள்ளன. அளவு மிஞ்சினால் மூச்சு மெல்ல மெல்ல நின்றுவிடும். இம்மருந்துகளால் நேரும் மரணம் பெரும்பாலும் இவ்வழியில்தான்.

செயலைக் கொண்டும் இவற்றைப் பிரிக்கலாம். மார்ஃபின் பூட்டை முழுதும் திறக்கும் சாவி. பூப்ரனார்ஃபின் பாதி திறக்கும் சாவி. நாலாக்சோன் துளையில் நுழையும், ஆனால் திரும்பாது. மார்ஃபினைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்வதால், நின்ற மூச்சு சில நிமிடங்களில் மீளும். அதன் வேலை விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே நோயாளியை மருத்துவர் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

புற்றுநோயாளியின் வேதனையைத் தணிப்பதும், தெருவில் ஓர் இளைஞனைச் சாய்ப்பதும் ஒரே பூட்டுதான். சாவி யார் கையில், எந்த அளவில் என்பதில்தான் வேறுபாடு.