இயற்கைப் பருத்தியும் எங்கள் ஊர்க் கொழுந்தும்

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர், பதுளையில் என்னோடு ஒன்றாகப் படித்தவர், தமது பேர்த்திக்கு வாங்கிய சட்டையின் அடையாளச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். இயற்கைப் பருத்தி என்றும் இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்றும் அதில் அச்சிட்டிருந்தது. கீழே சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் ஓர் உரிம இலக்கமும். "இதற்கு இரட்டை விலை கொடுத்தேன். நம்பலாமா?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன்; முடியவில்லை. ஆகவே இந்தப் பதிவு.

இயற்கைச் சான்றிதழ் என்னும் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது துணிக்கடையில் அன்று, தேயிலை ஸ்டோரில். கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் புகையிரதம் ஒஹியவைக் கடந்து அப்புத்தளையை அடையுமுன் இதல்கஸ்ஹின்ன என்ற சிறு நிலையத்தில் நிற்கும். இருபுறமும் பள்ளத்தாக்கு, நடுவில் ரயில். அந்த நிலையத்தின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் 1980களிலேயே இரசாயன உரமும் களைகொல்லியும் இல்லாமல் தேயிலை பயிரிடத் தொடங்கினார்கள். அப்போது அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். பத்திரிகைக்காக ஊவாத் தோட்டங்களைச் சுற்றிவந்த நாட்களில் நானும் அதை வெள்ளைக்காரருக்கான வேடிக்கை என்றே எண்ணியிருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியவர் அந்தப் பக்கத்தில் நான் சந்தித்த வயதான ஸ்டோர்க் கணக்கப்பிள்ளை ஒருவர். மலையில் மருந்தடிக்காமல் இருப்பது சுலபம் என்றார் அவர். கொழுந்து மடுவத்திலிருந்து பெட்டி கட்டும்வரை அந்தக் கொழுந்து வேறு கொழுந்தோடு சேராமல் பார்ப்பதே கடினம். வாட்டும் தட்டு, உருட்டும் இயந்திரம், சலிக்கும் சல்லடை ஆகிய ஒவ்வொன்றையும் துடைத்து, துடைத்த நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும். இரண்டு தேயிலையும் கலந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நாக்கால் சுவைத்தும் சொல்ல முடியாது. "அதனாலதான் தம்பி இந்தப் புத்தகம்" என்று தடித்த பேரேடு ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

துணிக்கும் அதே கதைதான். ஆனால் தேயிலைக்கு ஒரு தோட்டம், ஒரு ஸ்டோர். பருத்திக்கோ வயல், அரவை ஆலை, நூற்பாலை, பின்னலகம், சாயப்பட்டறை, தையற்சாலை என ஆறேழு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் இயற்கைப் பருத்தியும் சாதாரணப் பருத்தியும் ஒரே கூரையின்கீழ் ஓடுகின்றன.

ஒருகாலத்தில் ஜெர்மனியில் ஒரு நெறிமுறை, பிரித்தானியாவில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று, ஜப்பானில் ஒன்று என்றிருந்தது. நான்கு நாட்டுக்கு விற்பவன் நான்கு பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டும். 2002இல் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் நடந்த மாநாட்டில் தொடங்கிய பேச்சின் பயனாக, அந்நாடுகளின் நான்கு அமைப்புகள் கூடி ஒரு பொது நெறிமுறையை வகுத்தன. கோட்ஸ் என்று இன்று தொழிலில் எல்லோரும் சுருக்கிச் சொல்வது அதைத்தான். அதன் முதற் பதிப்பு 2005இல் வந்தது. துணியில் 95 விழுக்காடு இயற்கை இழை இருந்தால் ஒரு தரம்; 70 விழுக்காடு இருந்தால் அடுத்த தரம். ஒரே ஆடையில் இயற்கைப் பருத்தியையும் சாதாரணப் பருத்தியையும் கலக்க அனுமதியில்லை. உலோகப் பொத்தானில் நிக்கல் கூடாது. பின்னல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில்கூடக் கன உலோகம் கூடாது. சாயப்பட்டறைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு கட்டாயம். கூடவே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளைத் தழுவிய தொழிலாளர் விதிகளும் உண்டு: சிறுவர் உழைப்பு கூடாது, கட்டாய உழைப்பு கூடாது, சங்கம் அமைப்பதைத் தடுக்கக்கூடாது. இவற்றுக்குப் பின்னர் வருகிறேன்.

இந்தச் சட்டதிட்டங்களை நான் புத்தகத்தில் படித்ததைவிடத் திருப்பூரில் ஒரு பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். பதுளைக்காரனுக்குத் திருப்பூரில் என்ன வேலை என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரையும் கேட்கவில்லை. பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் லயம் லயமாகக் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் சிலருக்கு நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் கிடைத்தன. சிலருக்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் இடம் கிடைத்தது. அப்படிப் போனவர்களில் என் சின்னம்மா குடும்பமும் ஒன்று. அவருடைய மகள், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள், திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றின் தையல் லைனில் வேலை செய்தாள். லயத்தில் பிறந்து லைனில் முடிந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

2012இல் அவளைப் பார்க்கப் போனேன். நொய்யல் ஆற்றைச் சாயம் கொன்றதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டிருந்த காலத்தின் அதிர்ச்சி ஊரில் அப்போதும் ஓயவில்லை. சாயமேற்ற வெளியூருக்குத் துணி அனுப்பினார்கள். சான்றிதழ் பெற்ற சாயப்பட்டறையில்தான் இயற்கைத் துணிக்குச் சாயமேற்றலாம் என்பதால் அந்த ஓர்டர்களை எடுத்தவர்களுக்கு நெருக்கடி இரட்டிப்பு.

அவள் வேலை பண்டல் கொடுப்பது. கட்டிங் மேசையில் அடுக்கடுக்காக வெட்டிய முன்புறம், பின்புறம், கை, கழுத்து ரிப் ஆகியவற்றை எண்ணிக் கட்டி, சீட்டு வைத்து, ஓவர்லாக்காரருக்கும் பேட்லாக்காரருக்கும் பிரித்துக் கொடுப்பாள். இயற்கைத் துணி ஓடும் நாளில் அந்த லைனுக்குப் பச்சைச் சீட்டு. துணிக்கிடங்கில் தனி அடுக்கு, கட்டிங் மேசையில் தனி நேரம், கத்தரித்த வெட்டுத்துண்டுக்குக்கூடத் தனிச் சாக்கு. வெட்டுத்துண்டுக்கு எதற்கு என்று கேட்டேன்.

"எடை பார்க்கத்தான் அண்ணே. உள்ள வந்த கிலோ வெளியில போன கிலோவோட சேரணும்ல" என்றாள்.

சான்றளிப்பின் உயிர்நாடி அந்தக் கணக்கு. ஆயிரம் கிலோ துணி வந்தது. வெட்டில் 180 கிலோ கழிந்தது. ஒரு சட்டை 150 கிராம் என்று வையுங்கள். 5,400 சட்டைக்குச் சற்று மேல் வரலாம். ஏற்றுமதிப் பட்டியலில் 7,000 சட்டை இருந்தால் மிகுதி எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பரிவர்த்தனைச் சான்றிதழ் ஒன்று உண்டு. நூற்பாலை விற்றது, பின்னலகம் வாங்கியது, தையற்சாலை தைத்தது என்று சங்கிலியில் கண்ணி கண்ணியாக அது கோக்கப்படும். ஆண்டுக்கொருமுறை பரிசோதகர் வந்து அந்தச் சங்கிலியை இழுத்துப் பார்ப்பார்.

ஆய்வுகூடம் இருக்கிறதே, பேரேடு எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் மரபணு மாற்றப்பட்ட பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைத்தது; இன்று நாட்டின் பருத்தி நிலத்தில் மிகப் பெரும்பகுதி அதுதான். பஞ்சிலும் சாயமேறாத நூலிலும் அந்த மரபணுவைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். வெளுத்து, சாயமேற்றி, தைத்து முடித்த சட்டையில் அதை நம்பகமாகத் தேட முடியாது; பருத்தி விளைந்த வயலில் என்ன உரம் போட்டார்கள் என்பதையும் அந்தச் சட்டை சொல்லாது. எங்கள் ஊர்க் கணக்கப்பிள்ளை பேரேட்டைத் தட்டிக் காட்டியதை அங்கே நினைத்துக்கொண்டேன்.

நான் போவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்ததை அவள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். மறுநாள் காலையில் கொள்கலன் ஏற வேண்டிய அவசர ஓர்டர். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரண்டாம் ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்து ரிப் குறைந்துவிட்டது. சாயம் ஒத்துவராமல் ஒரு பகுதியைத் திருப்பியிருந்தார்கள். அடுத்த லைனில் அதே நிறத்தில் சாதாரணத் துணியின் ரிப் கிடந்தது. மேற்பார்வையாளர் அதை எடுத்துவந்து மேசையில் போட்டார். சுமார் நானூறு சட்டைகளுக்கு அந்தக் கழுத்து ஏறியது. அவள் வழக்கம்போல அந்த ரிப்பின் உண்மையான லாட் இலக்கத்தையே பேரேட்டில் எழுதினாள். மாற்றி எழுதச் சொன்னார்கள். மாற்றவில்லை.

காலையில் மேலாளர் பேரேட்டைப் பார்த்துவிட்டு அந்த நானூறையும் பிரித்தெடுத்துச் சாதாரணச் சரக்கோடு சேர்த்தார். இதைச் சொல்லியாக வேண்டும். அந்த மனிதர் சரியானதைச் செய்தார். ஆனால் அடுத்த வாரம் அவள் பண்டல் வேலையிலிருந்து பிசிறு வெட்டும் வேலைக்கு மாற்றப்பட்டாள். ஷிப்டுக்குக் கூலி குறைவு. காரணம் யாரும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் அதே லைனில் இருந்தார். பின்னர் வருடாந்தப் பரிசோதனை வந்தது, சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது, பரிசோதகர் அவளுடைய கையெழுத்துள்ள பக்கங்களைப் புரட்டினார். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"பேரு போட்றாதீங்கண்ணே" என்றாள். நான் பெயரையும் போடவில்லை, செய்தியையும் போடவில்லை. ஊர் திரும்பி, சாய நெருக்கடியிலிருந்து திருப்பூர் மீண்டெழும் வீரத்தைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். அதைப் பலர் பாராட்டினார்கள். பெயரையும் ஊரையும் மறைத்து அவள் கதையை அன்றே எழுதியிருக்கலாம் என்பது இன்று எனக்குத் தெரிகிறது. அன்றும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நானூறு கழுத்துப்பட்டி அற்பம் என்று தோன்றலாம். சங்கிலியின் மேற்பக்கத்தில் நடந்தவற்றோடு ஒப்பிட்டால் அற்பந்தான். 2010இல் ஜெர்மன் நாளேடு ஒன்று, இந்தியாவிலிருந்து வந்த இயற்கைப் பருத்தி மாதிரிகளில் சுமார் 30 விழுக்காட்டில் மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டதாக எழுதியது. 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு, தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்கள் விடுதிக்குள் அடைபட்டு உழைத்ததை அறிக்கையாக வெளியிட்டன. 2020 ஒக்டோபரிலோ கோட்ஸ் அமைப்பே தன் வாயால் ஒப்புக்கொண்டது: இந்தியாவில் போலிப் பரிவர்த்தனைச் சான்றிதழ்களைக் கொண்டு 20,000 தொன் பஞ்சு இயற்கைப் பருத்தியாக வேடம் போட்டிருந்தது. 11 நிறுவனங்கள் தடை செய்யப்பட்டன. இருபதாயிரம் தொன் என்பது இரண்டு கோடி கிலோ. அத்தனையும் காகிதத்தில் விளைந்தது. அந்தப் பஞ்சு எந்தத் தையற்சாலைக்குப் போயிருந்தாலும், அங்கே ஒரு பெண் பச்சைச் சீட்டு வைத்து, வெட்டுத்துண்டைத் தனிச் சாக்கில் போட்டு, எடை பார்த்து எழுதியிருப்பாள்.

இயற்கை என்ற சொல் அதற்கடுத்த ஆண்டே எங்கள் ஊருக்கு வேறு வேடத்தில் வந்தது. 2021 மே மாதம் 6ஆம் திகதி வர்த்தமானியில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் ஒரே நாளில் இயற்கை விவசாயம் என்றார் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச. தேயிலை போன்ற நீண்டகாலப் பயிர் இயற்கைச் சான்றிதழ் பெறுவதற்கு மூன்றாண்டு மாறுகாலம் வேண்டும் என்பதை இதல்கஸ்ஹின்னைப் பக்கத்து ஸ்டோரில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். உரமும் இல்லை, சான்றிதழும் இல்லை, அதற்குரிய கூடுதல் விலையும் இல்லை. ஒக்டோபரில் தேயிலைக்குத் தளர்த்தி, நவம்பரில் தடையையே கைவிட்டார்கள். 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவுக்கு விழுந்தது. தடை நீங்கியபின்னும் உரம் வாங்க டொலர் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்று நீண்டகாலம் போராடிப் பெற்ற சம்பளம் அதே 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்திருந்தது. கொழுந்து குறைந்த மலையில் அந்த ஆயிரத்துக்குரிய கிலோவை எங்கே போய்ப் பறிப்பது?

பெருந்தோட்டத்தை நம்ப முடியாமல் பதுளைப் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போவது இன்றோ நேற்றோ தொடங்கியதன்று. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் திறந்தது. 1992இல் பிரேமதாசவின் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. இலங்கை ஆலைகளும் வெளிநாட்டுப் பருத்தியையே தைக்கின்றன. இயற்கை ஓர்டர் வந்தால் அங்கும் இதே தனி அடுக்கு, இதே பேரேடு.

நண்பருக்கு இப்படி எழுதினேன். சீட்டிலுள்ள உரிம இலக்கத்தைக் கோட்ஸ் அமைப்பின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். நிறுவனம் உண்மையானதா, சான்றிதழ் காலாவதியாகவில்லையா என்பது தெரியும். வயலில் என்ன நடந்தது என்பது தெரியாது. தைத்த இடத்தைப் பொறுத்தவரை நம்பலாம்; எழுதுகிறவளை மாற்றி எழுதச் சொல்லாத இடமாக அது இருந்தால்.

மறுநாளே அவர் பதில் போட்டார். இலக்கத்தைத் தேடிப் பார்த்தாராம்; ஊர் திருப்பூர் என்று வந்ததாம். உங்கள் தங்கை வேலை செய்த கம்பெனியா என்று கேட்டிருந்தார். இல்லை. அவள் கண்பார்வை மங்கி வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதிவை வெளியிடலாமா என்று தொலைபேசியில் கேட்டபோது, "இப்ப போட்டுக்கங்க அண்ணே" என்றாள். பிறகு, பசறையில் மழை எப்படி என்று விசாரித்தாள்.