நான்கு கோபுரங்களும் நம் பெங்களூரும்

மேலைநாடு செல்வோர் மணிக்கூண்டுகளில் ஏறிப் பார்ப்பதைப் பெரிதும் விரும்புவர். இத்தாலி நாட்டு பிளாரன்ஸ் நகரில் ஜியோட்டோ தொடங்கிய மணிக்கோபுரத்தில் 414 படிகள் உள. மூச்சிரைக்க ஏறி, ஊரை ஒருமுறை சுற்றி நோக்கி இறங்குவர். பெங்களூரில் வாழும் நாம், நம் ஊரின் வரலாற்றை அவ்வாறு நின்று காண விரும்பின், லால்பாக் பாறைக்குன்றின் மீதேறுதல் வேண்டும். அதன் உச்சியில் நிற்பது மணிக்கூண்டன்று. கெம்பேகவுடர் பெயர் தாங்கிய காவற்கோபுரம். கல்தூண்கள் தாங்கும் சிறு மண்டபமும் அதன்மேல் ஒரு விமானமுமே அதன் உருவம். உள்ளே ஏறப் படியில்லை. குன்றே அதற்குப் படி.

விடுமுறை நாளில் புளியோதரைப் பொட்டலத்துடன் அங்கு அமரும் நம்மவருள், தாம் அமர்ந்திருக்கும் கல்லின் வயதை எண்ணுவோர் சிலரே. அப்பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடையது என்பர் நிலவியலார். அதனை நோக்க, 1537இல் எழுந்த பெங்களூர் நேற்றுப் பிறந்த குழந்தையே.

விசயநகரப் பேரரசர் அச்சுதராயர் காலத்தில், எலகங்கத் தலைவர் கெம்பேகவுடர் மண்கோட்டை எடுத்து இந்நகரை அமைத்தார். லால்பாக், அல்சூர், கெம்பாம்புதி ஏரிக்கரை, இன்றைய மேக்ரி வட்டம் ஆகிய நான்கிடத்தும் கோபுரங்கள் எழுந்தன. அவற்றை அவரே எடுத்தார் என்பாரும், இரண்டாம் கெம்பேகவுடர் எடுத்தார் என்பாரும் உளர். ஊர் இவ்வெல்லை வரை வளரும் என அவர் கண்டதாக மக்கள் கூறுவர். வளர்ந்த ஊரோ நான்கையும் விழுங்கி எங்கோ சென்றுவிட்டது.

காவல் எத்துணைச் சிறப்பாயினும் படை வந்துற்றது. 1638இல் பீசப்பூர்த் தளபதி ரணதுல்லாகான் நகரைக் கைப்பற்ற, அது சாகஜிக்குச் சாகீராயிற்று. இங்கிருந்து சென்ற அவர் மகன் ஏகோஜியே 1675ஐ ஒட்டித் தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவினார். தஞ்சை அரண்மனையைக் கண்டு வியக்கும் நம்மவர் இதனையும் நினைவிற்கொள்ளலாம்.

நமக்கு நெருங்கியது கீழ்த்திசையிலுள்ள அல்சூர்க் கோபுரம். 1809இல் ஆங்கிலேயர் அப்பக்கம் தண்டு அமைத்தனர். படையொடும் படைக்கு வேண்டிய தொழிலொடும் சென்னை மாகாணத்துத் தமிழர் பல்லாயிரவர் வந்து குடியேறினர். அவருள் ஒருவராகிய ஆர்க்காடு நாராயணசாமி முதலியார், இன்று உயர்நீதிமன்றமாக விளங்கும் செந்நிறக் கட்டடத்தை எழுப்பியவர். 1873இல் பள்ளியும் நிறுவினார். 1881இல் மைசூர் அரசு மன்னரிடம் மீண்டபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேயரிடமே நின்றது. இவ்வாறு, கெம்பேகவுடர் தம் ஊரின் எல்லையெனக் குறித்த கோபுரமே ஊராட்சிக்குப் புறம்பாயிற்று! 1947இல் தண்டு மைசூரைச் சேர்ந்தது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒன்றாயின.

ஆதலின் தமிழர் இங்கு நேற்று வந்தோர் என்பதும், தண்டு முழுதும் நமதே என்பதும் ஒருங்கே பிழை. அல்சூரை அடுத்த தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள. அவை கெம்பேகவுடருக்கும் முற்பட்டவை. எனினும் ஊரை ஊராக்கியவர் அவரே. கன்னடம் கற்றுக் கன்னடரோடு கலந்து வாழும் நம் பிள்ளைகள் இவ்விரண்டையும் ஒருங்கே அறிதல் நன்று.

லால்பாக் குன்றில் எவரும் ஏறலாம். அல்சூர்க் கோபுரமோ ஏரியருகே, சென்னைப் பொறியாளர் படையின் வளாகத்துள் அடங்கியுள்ளது. 1780இல் தொடங்கிய அப்படையின் வீரரை இன்றும் எல்லோரும் அழைப்பது 'தம்பி' என்றே.